அந்தக் கைக்கு வீணை வேண்டாம்: எங்கள் தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, அதிபர் ரீச்சர், செயலாளர் தம்பி, பொருளாளர் அண்ணை, குழுவில் உள்ள மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். சென்ற ஞாயிறு நடந்த கூட்டத்தின் குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. ஏழாவது தீர்மானம் இப்படி இருக்கிறது: "பக்கத்து வீட்டு அம்மா பாடசாலைக்கு விட்டுப்போன பீங்கான் சிலையின் உடைந்த கையைத் திருத்தி, வீணை பொருத்தி, வாணி விழா மேடையில் சரஸ்வதியாக வைப்பது. செலவு 40 பவுண்." அதற்குக் கீழே, "ஏகமனதாக நிறைவேறியது." ஏகமனதாக நிறைவேறவில்லை. நான் கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து வடைத் தட்டு வந்தது. வடைக்குத் தூக்கிய கை என்று செயலாளர் தம்பி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அதனால்தான் இந்த மடல். குழுவுக்குள் மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா சிலையைக் கொடுத்தது பிள்ளைகளுக்கு. பெட்டியோடு வந்த துண்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. பெற்றோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை.

உங்களில் பலருக்கு நான் கதிரை அடுக்குகிற அண்ணை. அதற்கு முன் 19 வருடம் லண்டனில் ஒரு ஏல நிறுவனத்தில் போர்ட்டராக இருந்தேன். வான் வண்டியில் வருகிற பொருளை இறக்கி, இறாக்கையில் அடுக்கி, பார்வை நாளில் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றி, விற்றதும் பொதி கட்டிக் கொடுக்கிற வேலை. கடைசி 8 வருடம் பீங்கான் பிரிவு. எங்கட ஊரில் பீங்கான் என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டுத்தானே. அந்தப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னபோது, "கோப்பை கழுவுற வேலையோ?" என்று மனிசி கேட்டா.

அங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மோதிரத்தைக் கழற்று. கையைக் கழுவித் துடை. கையுறை போடாதே, துணிக் கையுறை கண்ணாடிப் பூச்சில் வழுக்கும். ஒரு கை அடியில், மற்றக் கை இடுப்பில். தலையில் பிடித்துத் தூக்காதே, கையில் பிடித்துத் தூக்காதே. முதல் நாள் சொன்னது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் தூக்கித் தூக்கிக் கைக்கு வந்தது. புத்தகம் படித்தவர்கள் என்னைவிட நிறையச் சொல்வார்கள். ஆனால் எந்தப் பொருள் எந்தக் கனத்தில் கைக்குள் உட்காரும் என்பதை அவர்களும் எங்களிடம்தான் கேட்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டி வந்த சனிக்கிழமை, சமையலறைத் தொட்டிக்குள் ஃபேரி லிக்விட் நுரை பொங்க, தேய்க்கிற கம்பிப் பஞ்சு பக்கத்தில் தயாராக இருக்க, ஒரு அக்கா அந்தச் சிலையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றா. நான் போட்ட சத்தத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா, அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னியுங்கோ. கம்பிப் பஞ்சு பட்டிருந்தால் இந்த மடல் எழுதவேண்டி வந்திருக்காது, அதுதான் பயம்.

வாங்கிப் பார்த்தேன். ஆறரை அங்குல உயரம். நிறம் தீட்டாத வெள்ளை, அதுவும் தாள் வெள்ளை இல்லை, ஆடை நீக்கிய பாலைப்போல. அங்கங்கே கடுகுப் பொடி தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். உயரத்துக்கு மிஞ்சிய கனம். உடம்பு நல்ல வாட்டசாட்டம், தலை மட்டும் சின்னது. நாடி உள்ளே வாங்கியிருக்கிறது, இமைகள் தூக்கம் வந்தது போலத் தாழ்ந்திருக்கின்றன. துணி மடிப்புகளில் கண்ணாடிப் பூச்சு தடிப்பாகத் தேங்கி, வெட்டுகளின் கூரை மழுக்கியிருக்கிறது. இடக்கை சேலைத் தலைப்பைப் பிடிப்பதுபோல மேலாடையைப் பிடித்திருக்கிறது. வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை.

வெள்ளைச் சேலை கட்டிய பெண், அமைதியான முகம், கையில் ஏதோ பிடித்திருந்து விழுந்துபோயிருக்கிறது. இதைப் பார்த்தவுடன் எங்கட ஆட்களுக்குச் சரஸ்வதி நினைவு வந்ததில் பிழை ஒன்றும் இல்லை. எனக்கும் ஒரு கணம் வந்தது.

ஆனால் அவள் சரஸ்வதி இல்லை. கிரேக்கக் கதைகளில் வருகிற மியூஸ் சகோதரிகள் ஒன்பது பேரில் ஒருத்தி. தகப்பன் தேவர்களுக்கு அரசனான சீயஸ். தாய் நெமோசினி. அந்தப் பெயருக்கு நினைவாற்றல் என்று பொருள். மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்கிற நாங்கள் அந்தத் தாயை மறக்கக்கூடாது. ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு கலை. கிளியோவுக்கு வரலாறு, கலியோபிக்குக் காவியம், யூட்டர்ப்பிக்குக் குழலிசை, டெர்ப்சிகோரிக்கு நடனம், எராட்டோவுக்குக் காதல் கவிதை, பாலிஹிம்னியாவுக்குத் துதிப்பாடல், மெல்பொமினிக்குத் துயர நாடகம், தாலியாவுக்கு நகைச்சுவை, யுரேனியாவுக்கு வானியல். மியூசியம் என்ற சொல்லே இவர்கள் குடியிருக்கும் இடம் என்ற பொருளில் வந்ததுதான்.

கூட்டத்தில் ஒருவர், "ஒன்பது மியூஸ், ஒன்பது ராத்திரி, எல்லாம் ஒண்டுதானே" என்றார். எண் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமோ? கிரகமும் ஒன்பதுதான்.

இங்கிலாந்துக்கு எப்படி வந்தாள் என்று கேட்டால், அவள் எங்கிருந்தும் வரவில்லை. இங்கேயே பிறந்தவள். மேனர் பார்க்கில் 25ஆம் இலக்க பஸ் ஏறி, ஸ்ட்ராட்போர்ட் தாண்டி, ஹை ஸ்ட்ரீட் வழியாக லீ ஆற்றுப் பக்கம் போகிறீர்களே, அந்த வழியில்தான் அவள் பிறந்த தொழிற்சாலை நின்றது. பெயர் போ. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரின் பெயர். தமிழில் படித்தால் யாரோ விரட்டுவதுபோல் இருக்கும். ஆனால் அவள் போகவில்லை. 270 வருடத்துக்கு மேல் கழித்து, பிறந்த இடத்திலிருந்து மூன்று நான்கு மைல் தள்ளி எங்கள் மண்டபத்து அலுமாரிக்கு வந்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் பீங்கான் செய்யும் இரகசியத்துக்கு ஐரோப்பா முழுவதும் அலைந்தது. சீனர்கள் பல நூற்றாண்டாகச் செய்ததை ஜெர்மனியில் மைசன் நகரத்தார் 1710 அளவில்தான் பிடித்தார்கள். இங்கிலாந்தில் அந்தச் சரியான வெள்ளைக் களியும் கல்லும் கலந்து செய்வதற்கு 1768இல்தான் உரிமம் பெற்றார்கள், அதுவும் பிளிமத்தில். அதுவரை இங்கே எல்லோரும் சுற்றுவழியில் போனார்கள். கண்ணாடித்தூளைக் கலந்து பார்த்தவர்கள் உண்டு, சோப்புக்கல்லைக் கலந்தவர்கள் உண்டு. போ தொழிற்சாலையின் வழி எட்வர்ட் ஹெய்லின், தாமஸ் ஃப்ரை என்ற இருவரோடு தொடங்குகிறது. 1744 டிசம்பரில் அவர்கள் எடுத்த முதல் உரிமத்தில் அமெரிக்காவில் செரோக்கீ மக்களின் நிலத்திலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக் களி வருகிறது. ஃப்ரை அயர்லாந்துக்காரர். முகச்சித்திரம் வரைகிறவர், செப்புத் தகட்டில் படம் செதுக்குகிறவர். சூளைப் புகைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. சூளை அவர் உடம்பை வாங்கிவிட்டது. 1759இல் விலகினார், 1762இல் காசநோயில் இறந்தார்.

தங்கள் தொழிற்சாலைக்கு அவர்கள் வைத்த பெயர் நியூ கன்டன். சீனத்துத் துறைமுக நகரத்தின் பெயர். "நியூ கன்டனில் செய்தது, 1750" என்று எழுதிய மைக்கூடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஸ்ட்ராட்போர்ட் சேற்று நிலத்தில் நின்றுகொண்டு சீனா என்று சொல்லிக்கொள்ளும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஈஸ்ட்ஹாமில் சின்ன யாழ்ப்பாணம் என்று கடைக்குப் பெயர்ப்பலகை போடுகிற எங்களுக்கு அது புரியும். பொருளாளர் அண்ணை அன்றைக்குச் சிலையைப் பார்த்து "மேட் இன் சைனா சாமான், அஞ்சு பவுண் வரும்" என்றார். அண்ணை, ஒரு வகையில் நீங்கள் சொன்னது சரி. அதைச் செய்தவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார்கள்.

அங்கே படம் தீட்டும் வேலை பார்த்த தாமஸ் கிராஃப்ட் என்பவர் தான் தீட்டிய கிண்ணம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து, 1790இல் அதோடு ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். கிண்ணமும் குறிப்பும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே கூரையின்கீழ் 300 பேர் வேலை செய்ததாகவும், அதில் 90 பேர் தீட்டுகிறவர்கள் என்றும், கட்டடமே கன்டனில் இருந்த ஒன்றைப் பார்த்துக் கட்டியது என்றும் எழுதியிருக்கிறார். அவர் எழுதும்போது தொழிற்சாலை மூடிப் பதினான்கு வருடம் அளவில் ஆகிறது. 1776 அளவில் எல்லாம் முடிந்துவிட்டது. முன்பு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து அது மூடியபின் அதைப்பற்றிக் கதைக்கிற ஆட்கள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். டாகென்ஹாம் கார்த் தொழிற்சாலை பற்றித் தலைவர் ஐயா தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். கிராஃப்டின் குறிப்பும் அந்தக் குரல்தான்.

போவின் தொடக்க கால உருவங்களில் ஒரு வரிசை உண்டு. சின்னத் தலை, உள்வாங்கிய நாடி, கனத்த இமை. எல்லாம் ஒரே கையில் பிறந்தவை என்று பார்த்தவுடன் தெரியும். செய்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர் செய்தவற்றில் மியூஸ் உருவங்களே பேர்போனவை என்பதால் ஆய்வாளர்கள் அவரை "மியூசஸ் மாடலர்" என்றே அழைக்கிறார்கள். மியூஸ்களைச் செய்தவர், அவ்வளவுதான் பெயர். 1750ஐ ஒட்டிய சில வருடங்கள் அவருடைய காலம். எங்கள் அலுமாரியில் நிற்பவளைத் தூக்கியபோது என் கை அவரைத்தான் சொன்னது.

அடியில் முத்திரை ஒன்றும் இல்லையே என்று செயலாளர் தம்பி கேட்டார். அந்தக் காலத்துப் போ உருவங்களில் முத்திரை இல்லாததே வழக்கம். நங்கூரமும் குத்துவாளும் போட்ட சிவப்பு அடையாளம் 1760க்குப் பிறகு வருவது. முத்திரை பெரிதாக, பளிச்சென்று இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். பாரிஸில் சாம்சன் என்ற நிறுவனம் 1845இலிருந்து செல்சீ, டார்பி, போ என்று இங்கிலாந்துத் தொழிற்சாலைகளின் உருவங்கள் எல்லாவற்றையும் பார்த்துச் செய்து தள்ளியது. அவர்களுடையது களியும் கல்லும் கலந்த கடினப் பீங்கான், தொட்டால் குளிர்ந்து, சாம்பல் நீலம் ஓடிய கண்ணாடிபோல இருக்கும். இவள் அப்படி இல்லை. செல்சீயில் ஸ்ப்ரிமோன்ட் என்ற வெள்ளித் தட்டார் நடத்திய தொழிற்சாலையும் பிறகு கிரேக்கக் கடவுள் அப்பல்லோவோடு ஒன்பது மியூஸ்களையும் பெரிய உருவங்களாகச் செய்தது. பொன்னில் நங்கூர முத்திரை போட்ட காலத்துப் பகட்டு, உடையெல்லாம் பூவும் பொன்னும். என் ரசனைக்கு அவை ஒத்துவராது. நகைக்கடை விளம்பரத்தில் நிற்கிற பெண்கள்போல இருப்பார்கள்.

இவையெல்லாம் எதற்குச் செய்தார்கள் என்றால், விருந்து மேசைக்கு. பெரிய வீடுகளில் கடைசியாக இனிப்பும் பழமும் வைக்கிறபோது மேசை நடுவே சீனிப்பாகில் செய்த உருவங்களை நிறுத்துகிற வழக்கம் இருந்தது. சீனிக்குப் பதிலாகப் பீங்கான் வந்தது. ஆகவே அவள் கோயிலுக்குச் செய்த சிலை இல்லை. கேக்குக்கும் அன்னாசிக்கும் நடுவில் நின்றவள்.

இப்போது, குழு உட்கார்ந்து கேட்கவேண்டிய செய்தி ஒன்று. போ பீங்கானின் இரகசியம் எலும்பு. மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் களியோடு கலந்தார்கள். 1749இல் ஃப்ரை தன் பெயரில் எடுத்த இரண்டாவது உரிமம் அதைப் பூடகமாகச் சொல்கிறது, "கன்னி மண்" என்று ஒரு அழகான பெயர் வைத்து. கலவையில் நாற்பது சதவீதத்துக்குக் கிட்ட எலும்புச் சாம்பல். அதாவது, நவராத்திரி ஒன்பது நாளும் மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தோய்ந்து, ஈரத்துணியோடு மேடை கழுவி, நீங்கள் கும்பத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போகிற சரஸ்வதி கிட்டத்தட்டப் பாதி மாடு.

இதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் தீர்மானம் அப்போதே விழுந்திருக்கும், எனக்கு இவ்வளவு எழுதவேண்டி வந்திருக்காது. ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லித் தடுக்க எனக்கு மனம் இல்லை. உங்கள் எல்லோர் வீட்டிலும் கலியாணத்துக்கு வந்த போன் சைனா தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன. போன் என்றால் ஆங்கிலத்தில் எலும்பு, பெயரிலேயே இருக்கிறது. குருக்களுக்கும் அதில்தான் கோப்பி கொடுக்கிறோம். போ தொடங்கி வைத்த வழிதான் பிறகு அந்தக் கோப்பையானது. ஆகவே எலும்பு என்றதும் சிலையைத் தீட்டு என்று குப்பையில் போடச் சொல்கிற கட்சியும் எனக்கு வேண்டாம். அப்படி ஒருவர் கிளம்புவார் என்று எனக்குத் தெரியும். அவர் யார் என்று அவருக்கும் தெரியும்.

நான் தடுப்பதற்குக் காரணம் அந்தக் கை.

மியூஸ்களுக்குப் பெயர் முகத்தில் இல்லை. ஒன்பது பேரும் ஒரே சாயல், ஒரே உடை. கையில் பிடித்திருப்பதை வைத்துத்தான் யார் என்று சொல்வது. குழல் இருந்தால் யூட்டர்ப்பி. சிரிக்கிற முகமூடி என்றால் தாலியா, அழுகிறது என்றால் மெல்பொமினி. உருண்டை வான்கோளம் என்றால் யுரேனியா. ஏடோ எக்காளமோ என்றால் கிளியோ. யாழ்போல ஒன்றென்றால் எராட்டோவா டெர்ப்சிகோரியா என்று அறிந்தவர்களே தடுமாறுவார்கள். எங்கள் சாமிகளுக்கும் அப்படித்தானே? வேலை எடுத்துவிட்டால் முருகனை யார் என்பது? ஆனால் எங்களுக்கு மயில் நிற்கும், சேவல் நிற்கும். இவளுக்கு வேறு எதுவும் இல்லை. கை உடைந்தபோது பெயரும் உடைந்து விழுந்துவிட்டது.

ஒரே ஒரு தடயம் மிச்சம். வலப்பக்கத் தொடைக்கு மேலே, துணி மடிப்பில், ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கரடான தழும்பு. அங்கே கண்ணாடிப் பூச்சு இல்லை. பிடித்திருந்த பொருளின் மறுமுனை அந்த இடத்தில் ஒட்டி, சூளைக்குள் தாங்குதலாக நின்றிருக்கிறது. முறிந்த கையின் முனையையும் அந்தத் தழும்பையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் பிடித்திருந்தது எவ்வளவு நீளம், எந்தச் சரிவு என்று தெரியும். இதே அச்சில் வந்த இன்னொரு உருவம் எங்காவது முழுதாக இருந்தால், அளவு வைத்துப் பார்த்துப் பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம்.

திருத்தப்போகிற பையன் அன்றைக்கு என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டீர்கள். போன் திருத்துகிறவர், கெட்டிக்காரர், நல்ல மனம், கூலி வேண்டாம் சாமானுக்கு மட்டும் காசு தந்தால் போதும் என்கிறார். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் கையும் வீணையும் அடிப்பார். "முறிஞ்ச முனை கரடா இருக்கு அங்கிள், அதை கிரைண்டர்ல கொஞ்சம் மட்டமாக்கினா சுப்பர் குளூ நல்லாப் பிடிக்கும்." வீணைக் குடம் உட்கார்வதற்குத் தொடையில் இருக்கிற அந்த "மேடு" இடைஞ்சல், அதையும் தேய்த்துவிடலாம் என்றார். அந்த இரண்டு இடத்தையும் கிரைண்டர் தொட்ட பிறகு, அவள் யார் என்று இந்த உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

ஒட்டுவதற்கும் முறை இருக்கிறது. சுப்பர் குளூவும் அரல்டைட்டும் நாளாகப் பழுப்பாகும், எடுக்கப்போனால் பீங்கானையும் சேர்த்து எடுக்கும். ஏலத்துக்கு வருகிற பழைய உருவங்களில் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கோடு ஓடும். ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு அப்பா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து ஒட்டியது. முறையாக வேலை செய்கிறவர்கள் பிறகு கரைத்து எடுக்கக்கூடிய பசைதான் பாவிப்பார்கள், பரலொயிட் பி-72 என்று ஒன்று, அசிற்றோன் பட்டால் இளகிவிடும். இன்னொருவர் பின்னாளில் வந்து தன் பிழையைத் திருத்த வழிவிட்டு ஒட்டுவது. ஆனால் இங்கே ஒட்டுவதற்கே ஒன்றும் இல்லை. விழுந்த கை எங்களிடம் இல்லை. இல்லாத கையை ஏன் ஒட்டவேண்டும்?

இன்னுமொன்று காட்டவேண்டும். கூட்டத்தில் காட்ட நினைத்ததும் இதைத்தான்.

அன்றைக்குத் தொட்டியடியில் சிலையைத் திருப்பி, அடிப்பக்கத்துப் பொந்துக்குள் போன் வெளிச்சத்தை அடித்தேன். செல்சீயிலும் டார்பியிலும் களியைக் கூழாகக் கரைத்து அச்சுக்குள் ஊற்றுவார்கள். உட்புறம் வழுவழுப்பாக, ஒரே தடிப்பாக இருக்கும். போவில் அப்படி இல்லை. பிசைந்த களியை ரொட்டிமாபோலத் தட்டி, அச்சின் இரு பாதியிலும் விரலால் அமுக்கி அமுக்கிப் பதிப்பார்கள். அதனால்தான் இந்தக் கனம். அந்தப் பொந்தின் உட்சுவரில், அமுக்கிய விரல்களின் குழிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று பெருவிரல். சரித்துப் பிடித்தால் ரேகை தெரிகிறது. வட்ட வட்டமாக, நடுவில் ஒரு சுழி.

பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புச் சின்னப்பிள்ளை ஒன்று, "இது ஆற்ற விரல் மாமா?" என்று கேட்டது. 1750 அளவில் ஸ்ட்ராட்போர்ட்டில் வேலை செய்த ஒருவருடையது என்றேன். "அவருக்கு என்ன பேர்?" தெரியாது என்றேன். "அப்ப இவவுக்கு?" அதுவும் தெரியாது. பிள்ளை தன் பெருவிரலைப் பொந்துக்குள் விட்டு அந்தக் குழியில் வைத்துப் பார்த்தது. கிட்டத்தட்டப் பொருந்தியது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனின் விரலாகக்கூட இருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் யாரும் ஏழாவது தீர்மானம் எழுதியிருக்கமாட்டீர்கள். அதிபர் ரீச்சர், வருகிற தவணையில் "நாங்கள் வாழும் ஊர்" என்று ஒரு பாடம் இருக்கிறதே, வேறு என்ன வேண்டும்?

விற்றுவிடலாம் என்ற பேச்சும் இருப்பது எனக்குத் தெரியும். புரொஜெக்டர் பழுதாகிவிட்டது, காசு வேண்டும். விலையைப்பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். திறந்தால் பொருளாளர் அண்ணை வென்றுவிடுவார். கொடுத்தவர் மனதை மட்டும் நினையுங்கோ. மண்டபத் திறப்பை எத்தனை வருடம் தன் வீட்டு ஆணியில் கொழுவி வைத்திருந்து, மழையில் நின்ற எங்களுக்குக் குடையோடு வந்து கதவு திறந்தவ. மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்துகளை ஒரு வாளியில் சேர்த்துவைத்து, தவணை முடிவில் கொண்டுவந்து தந்தவ. அவவுடைய வரவேற்பறைக் கணப்படுப்புக்கு மேல் இவள் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் திறப்பு வாங்கப் போன அவசரத்தில் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. கை எப்படி உடைந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவவைப்போல இன்னொரு அம்மாவைப்பற்றியும் சொல்லவேண்டும், சற்று வழி விலகினாலும். லேடி சார்லட் ஷ்ரைபர் என்று ஒருவர், கணவரோடு ஐரோப்பா முழுவதும் சுற்றிப் பழைய கடை பழைய கடையாக ஏறி இறங்கிப் பீங்கான் தேடினவர். கணவர் இறந்தபின் 1884இல் ஆங்கிலப் பீங்கான் சேகரிப்பை அப்படியே சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார், ஏறத்தாழ 1,800 பொருள். இன்றைக்கு விக்டோரியா அண்ட் அல்பேர்ட் என்று சொல்கிறோமே, அதுதான். மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காகப் போ உருவங்கள் நிற்கும். உள்ளே போகக் காசு இல்லை. வருடா வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா என்று கடற்கரைக்குக் கூட்டிப்போய் வாந்தி எடுக்க வைக்கிறோம். ஒருமுறை அங்கே போகலாம்.

என் கோரிக்கையை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏழாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கோ. வாணி விழாவுக்கு, அலுமாரிக்குப் பின்னால் முகம் திருப்பி வைத்திருக்கிற சட்டம் போட்ட சரஸ்வதி படம் போதும், கண்ணாடியைத் துடைத்தால் பளிச்சென்று இருப்பா. அந்த 40 பவுணில் அலுமாரிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கலாம். சிலையை ஆங்கிலப் பீங்கான் அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டவேண்டும். நான் கொண்டுபோகிறேன், பஸ் காசு என்னுடையது. நான் சொன்னதை அவரும் சொன்னால், அவளுக்குப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு அட்டை: "மியூஸ் சகோதரிகளில் ஒருத்தி. எவள் என்று தெரியவில்லை. போ தொழிற்சாலை, ஸ்ட்ராட்போர்ட், 1750 அளவில். எங்கள் அயலவர் தந்தது." எவள் என்று தெரியவில்லை என்ற வரியை எடுத்துவிடலாம், அழகாக இல்லை என்று யாரோ சொல்வீர்கள். அந்த வரி இருக்கவேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கப்போவது அதை வைத்துத்தான்.

திருத்தப்போகிற தம்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது, கோபிக்க வேண்டாம். அந்த இயந்திரத்தை வைத்து, சிலையைத் தொடாமல் படம் பிடித்து, அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் உருவம் அடித்துத் தரட்டும். பிள்ளைகள் அதன் கையில் குழலையும் முகமூடியையும் கோளத்தையும் மாற்றி மாற்றிச் செருகி விளையாடலாம். வீணைகூட வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மண்டபத்துக்கு வருவேன். அமிலம் இல்லாத மெல்லிய தாளும் ஒரு சப்பாத்துப் பெட்டியும் கொண்டுவருகிறேன். அதுவரை அலுமாரித் திறப்பு சமையலறை அக்காவிடமே இருக்கட்டும், அன்றைக்குப் பிறகு அவவைவிட அவதானமாக யாரும் இருக்கமாட்டா. யாராவது தூக்கவேண்டி வந்தால், மோதிரத்தைக் கழற்றுங்கோ, ஒரு கை அடியில், ஒரு கை இடுப்பில். முறிந்த முனையில் விரல் படாமல் பாருங்கோ. இன்னும் கூராகத்தான் இருக்கிறது, அன்றைக்கு எனக்கு வெட்டியது.

அன்புடன்,
கதிரை அடுக்குகிற அண்ணை